பாட்டிதான் கொண்டுபோய் விடுகிறார், மடல் மட்டும் என் கைபேசிக்கு வருகிறது

ஈசூன் அப்பா:

வணக்கம். இந்தச் சிங்கப்பூர்ப் பெற்றோர் தளத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகளுக்கு ஐந்து வயது, கே1 (பாலர் பள்ளி முதலாம் ஆண்டு). எங்கள் வீட்டிலிருந்து மூன்று புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) தள்ளி, கீழ்த்தளத்தில் இருக்கும் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறாள். எனக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. மனைவி தாதி, அவருக்கும் ஷிஃப்ட். அதனால் காலையில் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் என் அம்மாதான். வாசலில் பிள்ளையின் உள்ளங்கையையும் வாயையும் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா என்று அளந்து உள்ளே அனுப்புவார்களே, அதை நான் இந்த வருடத்தில் நாலைந்து முறை பார்த்திருந்தால் அதிகம்.

நிலையத்திலிருந்து தவணைக்கு ஒரு மடல் வரும். ஆங்கிலத்தில், ஆறு பக்கம், செயலி வழியாக எனக்கும் மனைவிக்கும். அம்மா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் முரசு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை விடாமல் வாசிப்பார். இந்த மடலை மட்டும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

போன புதன்கிழமை ஆரஞ்சு நிற உடையில் வரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில், மழைக்காலம் வருகிறது, பையில் இன்னொரு செட் துணி வையுங்கள் என்ற வரிக்குக் கீழே. நான் இரவு வேலை முடித்து வந்து படுத்துவிட்டேன். அம்மா வழக்கம்போல நீலச் சட்டை போட்டுக் கூட்டிப் போய்விட்டார். மதியம் குழுப்படம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஆரஞ்சு, என் மகள் மட்டும் நீலம். முன்னால் நிற்கும் பையனின் முதுகுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு நிற்கிறாள். அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். நிலையத்தைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. என்னைத்தான்.

இப்போது அதே மடலின் ஐந்தாம் பக்கத்தில், தீபாவளிக்கு முந்திய வாரம் குடும்பத்தினர் யாராவது வந்து பண்டிகையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று போட்டிருக்கிறது. புதன் காலை 10 மணி, இருபது நிமிடம். அந்த வகுப்பில் தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான், ஆகவே "யாராவது" என்றால் யார் என்று தெரிந்துவிட்டது. என்னுடைய 6 நாள் சிறுவர் பராமரிப்பு விடுப்பு மகளுக்குக் கை, கால், வாய்ப் புண் நோய் வந்தபோதே தீர்ந்தது. மனைவியிடம் ஒரே ஒரு நாள் மிச்சம், அதைத் தொட விடமாட்டார்.

அம்மாவை அனுப்பலாமா? ஆங்கிலம் குட் மார்னிங், தேங்க் யூவோடு சரி. தமிழும் மலாயும்தான் பேசுவார். வீட்டுப் பலகாரம் கூடாதாம், நெருப்பும் கூடாதாம். முறுக்கும் விளக்கும் இல்லாமல் தீபாவளியை இருபது நிமிடம் எப்படிக் காட்டுவது? அப்புறம், இந்த மடலை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிக் கொண்டு சேர்க்கிறீர்கள்?


பொங்கோல் மருமகள்:

எங்கள் வீட்டிலும் இதே கதை, என் மாமியார். முதலில் மடலைக் கைபேசியில் போட்டுத் தமிழாக்கிக் கொடுத்தேன். மாலையில் பிள்ளைகளுக்கு லைட் ஸ்நாக் தருவோம் என்பது "ஒளி சிற்றுண்டி வழங்கப்படும்" என்று வந்தது. அத்தை அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "என்னம்மா, பிள்ளைக்கு பல்பைக் கொடுக்கிறாங்களா?" என்றார். அதோடு அந்த வழியை விட்டுவிட்டேன்.

இப்போது செய்வது இதுதான். எங்கள் சமையலறையில் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் வாங்கிய தமிழ் நாள்காட்டி தொங்குகிறது. அத்தை காலையில் எழுந்ததும் ராகு காலம் பார்க்காமல் தேநீர்கூடக் கலக்கமாட்டார். மடல் வந்த அன்றே உட்கார்ந்து, அந்தந்தத் தேதித் தாளில் பேனாவால் எழுதிவிடுவேன். "சிவப்புச் சட்டை." "தண்ணீர் விளையாட்டு, துண்டு வை." "நிலையம் மூடல்." முந்தின நாள் தாளிலும் ஒரு தடவை எழுதுவது முக்கியம், காலையில் பார்த்தால் துணி துவைக்க நேரம் இருக்காது. தவணைக்கு ஒரு முறை அரை மணி நேர வேலை.

இன்னொன்று, செயலியில் அத்தையின் எண்ணையும் பராமரிப்பவர் என்று சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், சேர்த்தார்கள். எழுத்து புரியாது, படம் புரியுமே. என்னைவிட அவர்தான் முதலில் பார்க்கிறார்.


வேட்டி:

அண்ணா, நீங்களே போகலாம் என்று இருந்தால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஜூலை 21, இன நல்லிணக்க நாள். மகன் என்2வில் (நர்சரி இரண்டாம் ஆண்டு) இருந்தான். நானே விடுப்பு எடுத்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சும்மா போகக்கூடாது என்று முந்தின இரவு வாசித்துத் தயார் செய்து, 1964ஆம் ஆண்டுக் கலவரம் நடந்த நாள் இது, 1997இலிருந்து பள்ளிகளில் அனுசரிக்கிறோம் என்று ஆரம்பித்தேன். நான்கு வயதுப் பிள்ளைகளிடம்! இரண்டாவது வாக்கியத்திலேயே ஒருவன் மல்லாந்து படுத்துவிட்டான். டீச்சர் என்னையே பார்க்கிறார். சரி, பேச்சு வேண்டாம், எல்லோரும் எழுந்து ஆடலாம் என்று குதித்தேன். வேட்டி முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்ததால் மானம் தப்பியது.

மகன் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான். ஒட்டு வேட்டி என்று ஒன்று இருப்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும்.


வகுப்பறைக்குள்ளிருந்து:

நான் ஒரு பராமரிப்பு நிலையத்தில் தமிழ் ஆசிரியை. உங்களுடையது இல்லை, ஆனால் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்.

பாட்டியைத் தாராளமாக அனுப்புங்கள். நிலையத் தலைவியிடம் முன்கூட்டியே பெயரைச் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். தினமும் வாசலில் பார்க்கிற முகம் என்பதால் பிள்ளைகளுக்கும் அவரை ஏற்கெனவே தெரிந்திருக்கும். சூட்டு கோட்டோடு வந்து நிற்கும் அப்பாவைவிட அது பல மடங்கு நல்லது. (வேட்டி அண்ணா, உங்களைச் சொல்லவில்லை.)

பலகாரம் கூடாது என்பதற்குக் கோபப்படாதீர்கள். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று இருந்தாலே எங்களுக்கு அன்று முழுவதும் அடிவயிற்றில் பயம். ஹலால் பார்க்க வேண்டும், என்னென்ன சேர்த்தது என்று தெரிய வேண்டும். வீட்டுச் சம்படத்தில் ஒட்டுத்தாள் ஏது? கே1இல் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வரை இருக்கலாம். எல்லோர் வாயையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் முறுக்கு கூடாது என்றுதானே சொன்னார்கள், முறுக்கு அச்சு கூடாது என்று சொல்லவில்லையே! வீட்டில் பழைய அச்சு இருந்தால் கொடுத்தனுப்புங்கள். விளையாட்டு மாவு வகுப்பிலேயே இருக்கும். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு சுற்று பிழியட்டும். அந்தக் கைப்பிடியை ஐந்து வயதுப் பிள்ளை அழுத்த வேண்டுமென்றால் முழு உடம்பையும் போட வேண்டும், நாக்கு வெளியே வந்துவிடும். இருபது நிமிடம் போதாது, பாருங்கள். பேச்சே வேண்டியதில்லை. விளக்குக்கு, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கை அகலில் வைத்தால் போதும்.

வண்ண அரிசிக் கோலம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அழகுதான். முடிந்தபின் வழுக்கும் தரையைப் பெருக்குவது நாங்கள்.


செங்காங்:

எல்லோரும் சிரித்துப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு போட்டதும் எல்லோருக்கும் நம் ஞாபகம் வருகிறது. வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளை என்றால் வருடா வருடம் அந்த ஒரு குடும்பமே மேடை ஏற வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு யாரையும் தேடிப் போவதில்லை, நிலையமே இரண்டு வாரம் சிவப்பாக இருக்கும். என் மகள் படித்த மூன்று வருடமும் நான்தான் போனேன். மூன்றாம் வருடம் அவளே, "அம்மா, இந்த வருஷம் வேற யாராவது வரட்டும்" என்றாள்.

குடும்பத்தின் ஈடுபாடு என்று மடலில் எழுதுகிறார்கள். தினமும் இரண்டு வேளை வாசலில் நிற்கிற பாட்டியிடம், பிள்ளை இன்று தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று மலாயிலாவது ஒரு வரி சொன்னால் அதுதான் ஈடுபாடு. புதன்கிழமை பத்து மணிக்கு வேலை இல்லாதவர்களுக்கு மட்டும் கதவு திறப்பது எந்தக் கணக்கு? ஈசூன் அப்பா, அம்மாவை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஆரஞ்சுச் சட்டை விஷயத்தையும் தலைவியிடம் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.


ஈசூன் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை முடிந்தது, வந்து சொல்லாமல் இருக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

செங்காங் அக்கா சொன்னபடி தலைவியிடம் பேசினேன். மடல் பாட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதை அவர் உண்மையிலேயே யோசித்ததில்லை. இப்போது கண்ணாடிக் கதவில், அந்த வாரம் என்ன நிறம், என்ன கொண்டு வர வேண்டும் என்று படமாக வரைந்து ஒட்டுகிறார்கள். இந்த வாரம் ஒரு குடை, ஒரு ஜோடிக் காலுறை. அம்மாவுக்கு மட்டுமில்லை, அங்கே வரும் சீனத் தாத்தா ஒருவரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறாராம். நாள்காட்டி யோசனையும் ஓடுகிறது. ராகு காலத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க போய் நான் என்ன பேசுறது, பிள்ளைக்குத்தான் வெட்கம்" என்று இரண்டு நாள். அச்சை மட்டும் கொடுத்தனுப்புகிறேன், டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றதும் முகம் மாறிவிட்டது. அது என் பாட்டி காலத்து மர அச்சு, கடற்படைத் தளத்து வீட்டில் இருந்தது, கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். அதை அம்மா என் மனைவியிடமே கொடுத்ததில்லை. "தெரியாதவங்க கையில போனா உடைஞ்சிடும், நானே போறேன்" என்றார்.

நான் இரவு வேலை முடிந்து நேராகப் போய், கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அம்மா ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. அச்சில் நீல மாவை அடைத்து, ஒரு சுற்று பிழிந்து காட்டினார். முன்வரிசையில் ஒரு பையன் "மீ! மீ!" என்று கத்தினான். அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. "புக்கான் மீ!" என்று அதட்டினார், மலாயில் "இது மீ நூடல்ஸ் இல்லை" என்று. சமையலறையிலிருந்து மக்சிக் (சமைக்கும் மலாய் அம்மா) கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, அம்மா மலாயில் சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். விடியற்காலை எண்ணெய்க் குளியல் என்றதும் மக்சிக்குக்கே சந்தேகம், தலைக்கா, உடம்புக்கா என்று இருவரும் தனியாகப் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் அதற்குள் வரிசையை மறந்து அச்சைச் சுற்றிக்கொண்டார்கள். நாக்கு வெளியே வந்தது உண்மைதான், டீச்சர். என் மகள் அச்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாருக்கு அடுத்த முறை என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் நீலச் சட்டைதான், அவளே கேட்டுப் போட்டுக்கொண்டது.

இப்போது ஒரு புதுச் சிக்கல். வீட்டுக்கு வந்து அச்சைக் கழுவ மறந்துவிட்டோம். நீல மாவு ஓட்டைகளில் போய்க் கல்லாகக் காய்ந்துவிட்டது. மர அச்சு, தண்ணீரில் ஊறப்போட்டால் வெடிக்கும் என்று அம்மா தொட விடமாட்டேன் என்கிறார். பல்குச்சியால் மூன்று ஓட்டை திறந்திருக்கிறேன். சனிக்கிழமை முறுக்கு சுட வேண்டும். யாருக்காவது வழி தெரியுமா?