லீச்சிங்குக்குக் ‘கசிவு’ வேண்டாம்: ‘சாறிறக்கம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

குடியிருப்போர் சங்கங்களுக்காக நாம் தயாரிக்கும் மொட்டைமாடிக் கையேட்டின் சொற்பட்டியலைப் படித்தேன். பெரும்பாலும் எனக்குச் சம்மதம்தான். வாட்டர்ப்ரூஃபிங்குக்கு நீர்க்காப்பா, நீர்ப்புகாப்பா என்று இனியும் இழுக்க வேண்டாம், நீர்க்காப்பே இருக்கட்டும், நாம் எதை வைத்தாலும் வேலைக்கு வருகிறவர்கள் ‘கெமிக்கல் அடிக்கிறது’ என்றுதான் சொல்லப் போகிறார்கள். என் சண்டையெல்லாம் ஒரு சொல்லோடுதான். லீச்சிங்குக்கு, அதாவது தண்ணீர் பட்டு ஒரு பொருளுக்குள் இருக்கும் வேதிப்பொருள் கரைந்து வெளியே போவதற்கு, ‘கசிவு’ என்று போட்டிருக்கிறீர்கள்.

இந்தத் தொழிலில் கசிவு என்றால் ஒரே அர்த்தம். மாடி கசியுது, பாத்ரூம் கசியுது, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார். வரைவில் ஓரிடத்தில் “கசிவைத் தடுக்கும் பூச்சுகளில் கசிவு குறைவானதைத் தேர்ந்தெடுக்கவும்” என்று வருகிறது. சங்கச் செயலாளர் இதைப் படித்தால், ஒழுகாத பூச்சாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நாம் சொல்ல வந்தது அதுவா? ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விடாத அருமையான பூச்சிலிருந்தும், அதில் கலந்திருக்கும் வேதிப்பொருள் மழைத் தண்ணீரில் கரைந்து வெளியே போகலாம். ஒன்றில் தண்ணீர் பூச்சைத் தாண்டி வருகிறது, மற்றதில் பூச்சிலிருக்கும் சரக்கு தண்ணீரோடு போகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேட்டின் பாதி வீண்.

வேறு ஊராக இருந்தால் இதை இவ்வளவு வலியுறுத்த மாட்டேன். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சென்னையில் பல வீடுகளில் மாடித் தண்ணீர் குழாய் வழியாக நேரே கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகிறது, சில இடங்களில் வடிகட்டி சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) விடுகிறார்கள். ஆக, மாடியில் எதை அடிக்கிறோமோ அதைத் தொட்டு வரும் தண்ணீர்தான் கோடையில் மோட்டார் போட்டு நாம் எடுப்பது. 2019-இல் ஊரே குடத்தோடு நின்றபோது அந்தக் கிணறுகளின் அருமை தெரிந்தது.

இது வெறும் ஊகம் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1990-களிலேயே கூரை நீரைச் சோதித்தபோது மெக்கோப்ராப் என்ற களைக்கொல்லி கிடைத்தது. கூரையில் யாரும் களைக்கொல்லி தெளிக்கவில்லை. செடி வளர்க்கும் தட்டைக் கூரைகளில் வேர் துளைக்காமலிருக்க பிட்டுமன் (பெட்ரோலியத்திலிருந்து வரும் கருப்புப் பசை) தாளிலேயே கலந்திருந்த பொருளிலிருந்து அது வந்திருந்தது. வெளிச்சுவர்ப் பூச்சுகளில் பாசியும் பூஞ்சணமும் பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் டெர்பூட்ரின், டையூரான், கார்பெண்டாசிம் போன்றவையும் மழையில் இறங்குவதை ஐரோப்பாவில் நிறையவே அளந்திருக்கிறார்கள். பொதுவாகப் பூச்சு புதிதாக இருக்கும்போது பெய்யும் மழைகளில்தான் அதிகம் போகும், நாளாக நாளாகக் குறையும்.

இப்போது நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வெயில் காலம் முழுக்க மாடியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. செப்டம்பர் கடைசியில் வானிலை அறிக்கை வந்ததும்தான் சங்கக் கூட்டம், மூன்று கொட்டேஷன், அவசர அவசரமாக வேலை. மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய குடியிருப்பில் வெள்ளை அக்ரிலிக் பூச்சின் இரண்டாம் கை அடித்த அன்று ராத்திரியே மழை. காலையில் போய்ப் பார்த்தால் கிணற்றுக்கு முன்னாலிருக்கும் ஜல்லித் தொட்டியில் தண்ணீர் பால்போல் வெளுத்திருந்தது, குழாய் வாயில் நுரை கட்டி நின்றது. ஒப்பந்தக்காரரிடம் கேட்டதற்கு, “அது வாட்டர் பேஸ் சார், ஒண்ணும் ஆகாது” என்றார். வாட்டர் பேஸ் என்றால் தின்னர் நெடி குறைவு, அவ்வளவுதான். டப்பாவில் இருக்கும்போதே அது கெட்டுப்போகாமலிருக்க ஐசோதயசோலினோன் வகைப் பொருள்கள் சேர்ப்பதுண்டு, அவை தோல் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியவை. அந்த டப்பாவின் மேல் தமிழில் இருந்தது ‘நீர்க்கசிவுக்கு நிரந்தரத் தீர்வு’ என்பது மட்டும்தான். கையுறை போடு, வடிகாலில் ஊற்றாதே என்பதெல்லாம் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில். (நிரந்தரம் என்பதற்கு எத்தனை வருடம் என்று தனியாக ஒரு கலைச்சொல் விவாதம் வைக்கலாம்.)

சரி, கசிவு வேண்டாமென்றால் வேறு என்ன? பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் லீச்சிங்குக்கு ‘வேதிக்கழுவுதல்’ என்று இருக்கிறது. தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்க நாமே வேண்டுமென்று கரைப்பான் ஊற்றிச் செய்கிற வேலைக்கு அது பொருத்தம். இங்கே யாரும் எதையும் கழுவவில்லை, அதுவாக நடக்கிறது. ‘ஊறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் அழகுதான், ஆனால் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு ஊறல் என்றால் கள்ளச்சாராயம்தான். மாடியில் ஊறல் இருப்பதாக நோட்டீஸ் ஒட்டினால் போலீஸ் வந்து நிற்கும். ‘இறங்கல்’ எனக்கு முதலில் பிடித்திருந்தது, ஆனால் ‘இறங்கல் அறிக்கை’ என்று உரக்கப் படித்துப் பாருங்கள், யார் போய்விட்டார் என்று கேட்பார்கள்.

ஆனால் ‘இறங்கு’ என்ற வினையை விட எனக்கு மனமில்லை. டிகாஷன் இறங்கிடுச்சா என்கிறோம், கஷாயத்தில் சாறு இறங்கும்வரை கொதிக்க விடச் சொல்கிறோம். தண்ணீர் பட்டதும் ஒரு பொருளுக்குள் இருப்பது அந்தத் தண்ணீருக்குப் போவதற்கு நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வினை அது. அதனால் என் பரிந்துரை ‘சாறிறக்கம்’. வினையாக வரும்போது ‘பூச்சிலிருந்து சாறிறங்கும்’. அப்படிக் கரைந்து வரும் நீருக்கு, அதாவது லீச்சேட்டுக்கு, ‘இறங்குசாறு’, லீச்சிங் டெஸ்டுக்கு ‘சாறிறக்கச் சோதனை’. கூட்டுச்சொல்லாக நீட்ட முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம், இதில் முடிகிறது. சாறு என்றால் பழச்சாறுபோல நல்ல பொருள் தொனிக்கிறதே என்பீர்கள். எருக்கம் சாறும் சாறுதானே.

சம்ப் உள்பூச்சுக்கு இந்தச் சொல் இன்னும் அவசியம். குடிநீரைத் தொடும் பொருள்களுக்கு அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். 61 என்ற தரம் இருக்கிறது, இங்கே விற்கும் சில சரக்குகளிலும் அந்த முத்திரையைப் பார்க்கலாம். அந்தச் சோதனையில் செய்வதே, பூச்சைத் தண்ணீரில் கிடக்க விட்டு, அந்தத் தண்ணீரில் என்னவெல்லாம் வந்திருக்கிறது என்று அளப்பதுதான். கடையில் ‘ஃபுட் கிரேடா?’ என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். ‘சாறிறக்கச் சோதனை அறிக்கை இருக்கா?’ என்று கேட்டால் கொஞ்சமாவது யோசிப்பார்கள்.

அடுத்து, வி.ஓ.சி. விஷயம். ‘எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்’ நீளம், அதனால் ‘நெடியங்கள்’ என்று சுருக்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபத்தான சொல் என்பது என் கருத்து. நெடி இல்லையென்றால் பயமில்லை என்ற நினைப்பைத்தான் நாம் மாற்ற வேண்டியிருக்கிறது, இது அதற்கே முத்திரை குத்துகிறது. பாலியூரித்தேன் பூச்சுகளில் வரும் ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அவற்றில் டி.டி.ஐ. (டொலுவீன் டை-ஐசோசயனேட்) என்ற வகை மூக்குக்குத் தெரிகிற அளவுக்கு வருவதற்குள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து, டை-ஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேலுள்ள சரக்கைத் தொழில்முறையில் கையாள முறையான பயிற்சி கட்டாயம். நம் மாடிகளில் மூக்கில் கட்டிய துண்டுதான் பயிற்சி. டொலுவீன் என்ற கரைப்பான் கலந்த பூச்சை மூடிய சம்ப்புக்குள் இறங்கி அடிப்பது அதைவிட மோசம், அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், மேலே வராமல் அடியில், குனிந்து அடிக்கிறவர் முகத்தருகேதான் தங்கும். மேலே நிற்கிறவருக்கு வாசனை குறைவாகத் தெரியும், அவர் தைரியமாக ‘முடிச்சிட்டு வாப்பா’ என்பார். அதனால் நீளமாக இருந்தாலும் பழைய சொல்லே இருக்கட்டும், அல்லது ‘ஆவியாகும் கரிமங்கள்’ என்று வெட்டுங்கள். ‘கரிம’ என்பதற்கு அடைப்புக்குறிக்குள் ஆர்கானிக் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆர்கானிக்னா நல்லதுதானே என்று கேட்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது.

இயற்கை முறை என்ற பகுதியில் பழைய மெட்ராஸ் மாடியைப் பற்றி எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, கட்டையால் அடித்து அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. ஆனால் ‘முற்றிலும் பாதிப்பற்றது’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு கையைப் பொத்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சாறிறக்கக் கவலை குறைவு என்று மட்டும் சொன்னால் போதும்.

கடைசியாக ‘தார்’. பட்டியலில் பிட்டுமனுக்கும் கோல் தாருக்கும் இதே சொல்தான் இருக்கிறது. இதை இப்படியே விட முடியாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, கூரை வேலையில் பயன்படும் நிலக்கரித் தார்க் கீலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆக்சிஜனேற்றிய பிட்டுமனைக் கூரையில் காய்ச்சிப் பூசும் தொழிலுக்கு ‘உண்டாக்கக்கூடும்’ என்கிற 2ஏ பிரிவு. பெட்ரோலியத்திலிருந்து வருவது ஒன்று, நிலக்கரியிலிருந்து வருவது ஒன்று, சாறிறங்கும் சரக்கும் வேறு. நிலக்கரித் தார் என்று ஒன்றுக்கு வைத்துவிடலாம். பிட்டுமனுக்கு அகராதியில் இருக்கும் ‘நிலக்கீல்’ யாருக்கும் புரியாது என்று ஆட்சேபம் வரும் என்று தெரியும், எனக்கும் அதில் முழு திருப்தி இல்லை, பிட்டுமன் என்றே தமிழில் எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. சைட்டில் ரோல் ஒட்டுகிறவர்கள் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அச்சுக்குப் போகுமுன் அதை வைத்து முடிவு செய்வோம்.