மலேசியா அத்தைக்கு எந்த விசா? ஏற்காட்டிலிருந்து ஓர் உதவி

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை நாகலூரில், தமிழக அரசின் மாலைநேரக் கற்பித்தல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. ஈப்போவில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அத்தை, அடுத்த முறை வரும்போது இரண்டு மாதம் தங்கி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன் என்கிறார். அவருக்கு மலேசியக் குடியுரிமை.

மின்னணு சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்யலாம், ஆனால் அதிகபட்சம் ஒரு மாதம்தான், பணமோ வேறு பிரதிபலனோ வாங்கக் கூடாது என்பது விதி. தன்னார்வலருக்கு அரசு தரும் 1000 ரூபாய் ஊக்கத்தொகை தங்கைக்குத்தான், அத்தைக்கு ஒரு பைசா வேண்டாம். அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர்கள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும், அதையும் செய்துவிடுவோம்.

எனக்குக் குழப்பம் இரண்டாவது மாதம்தான். அதற்கு வேறு விசா வேண்டுமா? அரசுத் திட்டம் என்பதால் கல்வித் துறையிடம் கடிதம் வாங்க வேண்டுமா? வாங்குவதென்றால் வட்டார அலுவலகமா, சேலம் கலெக்டர் அலுவலகமா? அறுபத்தெட்டு வயதில் ஆசையாகக் கேட்கிறார், விமான நிலையத்திலோ காவல் நிலையத்திலோ அவர் தலைகுனிந்து நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. இப்படி யாரையாவது வரவழைத்த அனுபவம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் தெரிந்தால் நல்லது.