காபி பூக்கும்போது போன் பண்றேன்

எனக்குச் சேலம் அம்மாபேட்டை. தறிச்சத்தத்திலேயே வளர்ந்தவள்தான், ஆனாலும் நாவலின் கடைசி அத்தியாயங்களுக்கு ஆள் அரவமில்லாத இடம் வேண்டும்போல் இருந்தது. தெரிந்த அக்கா ஒருவர் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் அறை ஏற்பாடு செய்து கொடுத்தார். டிசம்பர் மாதம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல குளிர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே சிவக்கச் சிவக்கக் காபிப் பழம். நினைத்த மாதிரியே அமைதி.

சாயந்திரம் ஆனதும் பின்பக்கத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. ராத்திரி பத்து மணிக்கும் நிற்கவில்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கேட்கப் போனேன். தோட்டக்காரரின் மகன், பழத்தோல் எடுக்கும் மெஷினான பல்ப்பர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்குப் பறிச்ச பழத்துக்கு இன்னிக்கே தோல் எடுக்கணுங்க. போட்டு வெச்சா புளிச்சு, வாசமே கெட்டுரும்" என்றார். உள்ளங்கையில் ஒரு பிடி கொட்டையை வைத்தார். வழவழவென்று விரலிடுக்கில் நழுவியது. வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னார், தித்திப்பு! தொட்டியில் கிடந்து அந்த வழவழப்பு விட்ட பிறகுதான் அலசிக் களத்தில் காயப்போடுவார்களாம். கேட்கப் போன விஷயத்தைக் கேட்காமலே திரும்பினேன்.

காலையில் கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு. 'மெஷின் சாயந்திரம் 5 மணிக்கு மேல்தான். அதுவரை சத்தம் இருக்காது. பழம் பறிக்கும் அக்காக்களிடமும் சொல்லிவிட்டேன்.'

என் எழுத்துக்காக அதுவரை யாரும் அப்படி ஒரு ஏற்பாடு செய்ததில்லை. விடியற்காலையிலிருந்து மதியம்வரை எழுதினேன். அக்காக்கள் நிஜமாகவே ஜன்னலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மனசு கேட்காமல் வந்து கதையைக் கேட்டார். முழுக்கச் சொன்னேன். "கடைசியில அந்தப் புள்ளய அழ வெச்சுராத கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். நான் அழ வைக்கவில்லை.

சாயந்திரமானால் நானே பல்ப்பர் பக்கம் போக ஆரம்பித்தேன். அவர் கை கழுவி, துடைத்து, அப்புறம்தான் தாள்களைத் தொடுவார். சும்மா நல்லா இருக்கு என்று சொல்கிறவர் இல்லை. "இந்த அம்மா ஏன் இங்க பேசாம இருக்காங்க?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஒரு அத்தியாயமே மாறியது.

நாவலில் கதை ஒரு ஏப்ரல் மாதத்தில் முடிகிறது. அப்போது தோட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அதைச் சொல்லித் தெரியாதுங்க. மழை பெஞ்சதும் போன் பண்றேன்" என்றார்.

மார்ச் கடைசியில் போன் வந்தது. "நேத்து நல்ல மழை. எட்டு, ஒம்பது நாள்ல பூத்துரும். ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், வந்துருங்க."

போனேன். செடிக்குச் செடி கிளை தெரியாமல் வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசம், காதடைக்கிற தேனீ இரைச்சல். அங்கே நின்றபடி, "அறுவடைக்கும் இங்கயே இருந்துருங்களேன்" என்றார். சரி என்றேன். வீட்டுக்குள் போனதும் அவர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கண்ணு, உங்க வீட்டுல எப்ப வந்து பேசலாம்?"

ஆவணியில் கல்யாணம். நாவலும் முடிந்தது, மெய்ப்புத் திருத்தியது அவர்தான். அடுத்த நாவலை அறுவடைக்கு நடுவிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.