நிட்டிங் யூனிட்டில் ட்ரேசபிலிட்டி ஆப் போடச் சொல்கிறார்கள், நிலைக்குமா?

வட்டத்தறி கேட்டது:
வணக்கம். திருப்பூரில் சின்னதாக நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். முழுக்க ஜாப் ஒர்க். எக்ஸ்போர்ட் கம்பெனி நூல் அனுப்பும், ஓட்டி ரோல் போட்டு டையிங்குக்கு ஏற்றிவிடுவோம். இதுவரை சலானில் கவுண்ட் (நூலின் பருமன்), கிலோ, ரோல் எழுதினால் வேலை முடிந்தது. இப்போது நூல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தடம் பிடிக்க ட்ரேசபிலிட்டி ஆப் போடச் சொல்லி, நூல் பையில் உள்ள க்யூஆரை ஸ்கேன் பண்ணு, ரோலுக்கு ரோல் ஸ்டிக்கர் ஒட்டு, எல்லாம் பிளாக்செயின் என்ற டிஜிட்டல் கணக்கேட்டில் ஏறும் என்கிறார்கள். கூலியில் ஒரு பைசா ஏற்றவில்லை. இது நிலைக்குமா, ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்களா?

லோடுமேன்:
மறந்துவிடுவார்கள். கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-ல் தம்பட்டம் அடித்து ஆரம்பித்த, கப்பல் சரக்கைத் தடம் பிடிக்கும் ட்ரேட்லென்ஸும் பிளாக்செயின்தான். 2022 நவம்பரில் மூடுகிறோம் என்றுவிட்டார்கள். கடலையே கையில் வைத்திருப்பவனுக்கு ஓடாதது நம்ம ஊர் சந்துக்குள் ஓடுமா?

துணிக்கிடங்கு:
ட்ரேட்லென்ஸ் மூடியது சரிதான். ஆனால் அது கப்பல் துறை முழுக்க விரும்பி வந்து சேர வேண்டிய காரியம், சேரவில்லை. இங்கே துணி வாங்கும் வெளிநாட்டு பையரை நெருக்குவது சட்டம். கட்டாய உழைப்பு நடப்பதாகச் சொல்லப்படும் சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அமெரிக்கச் சுங்கம் சரக்கை நிறுத்திவைக்கும். 2022 ஜூனிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. பருத்தி எங்கிருந்து வந்தது என்று காகிதம் காட்ட வேண்டியது இறக்குமதி செய்பவர், அதை அவர் நம்மிடம்தான் கேட்பார். ஐரோப்பாவிலும் பொருளின் விவரமெல்லாம் ஸ்கேன் செய்து பார்க்கும்படி டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கும் சட்டம் 2024 ஜூலையில் வந்துவிட்டது, முதலில் எடுக்கப்போகும் பொருட்களில் துணிமணியும் உண்டு. ஆகவே ஆப் பெயர் மாறலாம், கேள்வி போகாது.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி ஸ்டோர் பார்க்கிறேன். பிளாக்செயின் என்றதும் பெரிய மரியாதை எல்லாம் வேண்டாம். ஏற்றியதை அப்புறம் மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஏற்றியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. 2020-ல் ஆர்கானிக் பருத்தி மோசடி வெளிவந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சுமார் 20,000 டன். போலிச் சான்றிதழில் க்யூஆர் இருந்தது, ஸ்கேன் செய்தால் அரசு இணையதளம் மாதிரியே செய்துவைத்த போலித் தளம் திறந்தது! கண்டுபிடித்தது ஆர்கானிக் துணிக்குத் தரம் வகுக்கும் காட்ஸ் (GOTS) அமைப்பு.

உங்கள் இடத்தில் சங்கிலி அறுவது இரண்டு இடத்தில். ஒன்று, மிச்சக் கோன், அதாவது ஓட்டியது போக நூல் மிஞ்சிய கூம்பு. ஒரு லாட் (ஒரே தொகுதியாக வந்த நூல்) முடிந்து மிஞ்சிய கோனை அடுத்த லாட்டில் ஏற்றிவிடுவார்கள். லாட் கலந்தால் சாயம் போட்டதும் துணியில் கோடு விழும் என்பது உங்களுக்கே தெரியும், இப்போது கணக்கிலும் விழும். மிச்சத்தை எடைபோட்டு, லாட் நம்பரோடு தனிப் பையில் கட்டிவையுங்கள். வந்த நூல் = ரோல் எடை + மிச்சக் கோன் + வேஸ்ட். ஆடிட்டுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான். நூறு கிலோ நூலுக்கு நூற்றிரண்டு கிலோ துணி என்று ஆப்பில் இருந்தால் எந்த பிளாக்செயினும் காப்பாற்றாது.

இன்னொன்று, ஸ்டிக்கர். டையிங்கில் ரோலைப் பிரித்து முனையோடு முனை தைத்துத்தானே மெஷினில் விடுகிறார்கள். ஸ்டிக்கர் அங்கேயே போய்விடும். துணி முனையில் சாயத்துக்குப் போகாத மார்க்கரில் ரோல் நம்பர் எழுதுங்கள். டையிங் பேட்ச் கார்டிலும் அந்த நம்பர்களை எழுதச் சொல்லி எக்ஸ்போர்ட்டரே கேட்க வேண்டும், நீங்கள் கேட்டால் நடக்காது.

வட்டத்தறி:
நன்றிங்க. நைட் ஷிப்டில் இருப்பது ஒடிசா, பீகார் பையன்கள். ஆப் இங்கிலீஷில் இருக்கிறது. சமாளிப்பார்களா?

துணிக்கிடங்கு:
ஸ்கேன் பண்ண அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, டீக்கடையில் தினமும் பண்ணுகிறார்கள். டைப் பண்ணும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். எடையை ஷிப்ட் ஃபிட்டர் போடட்டும்.

பில்லிங்அக்கா:
கூலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்டிக்கர், பிரின்டர், ஒரு ஆள் நேரம் எல்லாம் செலவுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று பில்லில் தனி வரியாகப் போடுங்கள். கூலி ரேட்டுக்குள் கலந்தால் அடுத்த பேரத்தில் காணாமல் போகும். அப்புறம், ஆப்பில் சேருவதற்கு முன் ஒன்று கேளுங்கள் தம்பி: நீங்கள் வேறு யாருக்கெல்லாம் ஓட்டுகிறீர்கள் என்பது அதில் அந்த எக்ஸ்போர்ட்டருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் அவருக்கென்று தனி லாகின் கேளுங்கள், மற்றவர்கள் லாட்டை அதில் ஏற்றாதீர்கள்.