அடுக்குமாடிக்கு வந்த பிறகு ஓயாமல் குரைக்கும் ராஜபாளையம் நாய்: காரணம் என்னவாக இருக்கும்?

கொடிமுல்லை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் மூன்று வயதான ராஜபாளையம் இனப் பெண் நாய் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சுற்றுச்சுவர் உள்ள வீட்டில் குட்டியிலிருந்து வளர்ந்தவள். அங்கே முன்பின் தெரியாதவர் வாசலில் வந்து நின்றால் மட்டுமே குரைப்பாள். மற்ற நேரங்களில் வீட்டில் நாய் இருப்பதே தெரியாது. கணவருக்குப் பணிமாற்றம் வந்ததால் கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்துக்குக் குடிவந்திருக்கிறோம்.

இங்கு வந்ததிலிருந்து, நாங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பின் வெகுநேரம் குரைப்பதாக எதிர்வீட்டார் சொல்கிறார்கள். மாலையில் பால்கனிக் கம்பியருகே நின்றுகொண்டு கீழே போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கிறாள். இரவில் தெருநாய்கள் தொடங்கினால் இவளும் சேர்ந்துகொள்கிறாள். அதட்டினால் அடங்குவதற்குப் பதிலாக இன்னும் வேகம் கூடுகிறது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. குரைக்கும்போது மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை வாங்கிப் போடுமாறு நண்பர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

கால்நடைத்தோழன்

வணக்கம் அம்மா. கழுத்துப்பட்டையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு குரைப்பு இல்லை, மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே ஒரே மருந்தும் இருக்க முடியாது.

வளர்ந்த ஓநாய்கள் அரிதாகவே, பெரும்பாலும் எச்சரிக்கைக்காக, குரைக்கின்றன. மனிதரோடு வாழத் தொடங்கிய நாயோ அச்சம், தனிமை, விளையாட்டு, காவல் என எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி குரைப்பதில்லை. புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாய்களின் குரைப்பை ஒலிப்பதிவு செய்து, நாயைக் காட்டாமல் மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாய் வளர்த்தே அறியாதவர்கள்கூட, அது எந்தச் சூழலில் குரைத்தது என்பதைக் குருட்டு யூகத்தைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். தாழ்ந்த சுருதியில் கரகரப்பாக, இடைவெளியின்றி அடுக்கடுக்காக வந்தால் அது விரட்டும் குரைப்பு. உயர்ந்த சுருதியில், ஒவ்வொன்றுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு வந்தால் தனிமையோ அச்சமோ இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லலாம். நீங்களே இதைக் கேட்டுப் பிரிக்க முடியும்.

பால்கனிக் குரைப்பு மூன்றிலும் எளியது. அவள் குரைக்கிறாள், கீழே நடப்பவர் தம் போக்கில் கடந்து போகிறார். அவள் கணக்கில், குரைத்ததால்தான் அவர் போனார். ஒவ்வொரு மாலையும் இந்த வெற்றி பலமுறை கிடைத்தால் எந்த நாய்தான் விடும்? கம்பியின் கீழ்ப்பாதியைப் பாயாலோ தட்டியாலோ மறைத்துவிட்டு, ஆள் வரும் ஓசை கேட்டதும், அவள் குரைக்கும் முன்பே பெயர் சொல்லி அழைத்து ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். அதட்டுவது பயன்படாததற்குக் காரணம், தூரத்திலிருந்து நீங்களும் உரத்த குரல் எழுப்புவது அவளுக்குத் துணைக்குரலாகவே கேட்கக்கூடும்.

பகல் குரைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. வீட்டில் ஒரு பழைய கைப்பேசியைக் கதவு தெரியும்படி வைத்து, நீங்கள் கிளம்பிய பின் முதல் அரைமணி நேரத்தைப் பதிவு செய்து பாருங்கள். பிரிவுப் பதற்றம், அதாவது வீட்டார் விட்டுப் போனதும் நாய்க்கு வரும் கடும் கலக்கம், இருந்தால் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் தெரிந்துவிடும். அப்படி இருக்கும் நாய்க்கு மின்னதிர்ச்சி கொடுப்பது அச்சத்தின் மேல் வலியைச் சேர்ப்பதாகும். வேல்ஸ் நாட்டில் இத்தகைய கழுத்துப்பட்டைகளை 2010லேயே தடை செய்துவிட்டார்கள்.

பன்றிவேட்டைப் பரம்பரை

சகோதரிக்கு வணக்கம். மேலே சொன்னவற்றோடு எங்கள் பக்கத்து நாய் வளர்ப்பவர்கள் அறிந்த ஒன்றைச் சேர்க்கிறேன். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. வெண்ணிற உடலுக்கு நிறமி குறைவதுபோல உட்காதிலும் நிறமிச் செல்கள் இல்லாமல் போவதால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது. இரண்டு காதும் கேளாத குட்டியை வளர்ப்பவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு காது மட்டும் கேளாததை மூன்று வயதுவரை ஒருவரும் கவனிக்காமல் இருக்கலாம்.

உங்கள் நாய் தெருநாய்களின் சத்தத்துக்குப் பதில் குரைப்பதால் முழுச் செவிடு இல்லை என்பது தெளிவு. ஆனால் ஒரு காது மட்டும் கேட்கும் நாயால் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சரியாகக் கணிக்க இயலாது. அமைதியான தனி வீட்டில் அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. மின்தூக்கி, படிக்கட்டு, பக்கத்து வீட்டுக் கதவு என நாலாபுறமும் ஒலி எழும் கட்டடத்தில் அதுவே ஓயாத கலக்கமாக மாறலாம். அவள் தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உடனே சரியான பக்கம் திரும்புகிறாளா, அல்லது தலையை இங்குமங்கும் ஆட்டித் தேடுகிறாளா? இது உறுதியான சோதனை அன்று. ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டி, காதில் புண், சீழ், வலி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூளைத்தண்டின் மின் எதிர்வினையை அளந்து ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் முறையும் உண்டு; ஆனால் அந்தக் கருவி எல்லா இடத்திலும் இருக்காது.

ஒரு சிறு குறிப்பு. காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த இனம் இது. அறவே குரைக்காத ராஜபாளையத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாம் தளத்துச் செயலர்

நானும் வேறொரு குடியிருப்பில் சங்கப் பொறுப்பில் இருப்பவன் என்பதால் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குரைக்கிறது என்பதற்காக வளர்ப்பு நாயை வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் சங்கங்களுக்கு இல்லை என்பதே இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். அதே வாரியம், இரவு நேரத்திலாவது நாயை அமைதியாக வைத்திருக்க முயலுமாறு வளர்ப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறது. ஆகவே சட்டத்தைக் காட்டி மறுமொழி எழுதாமல், என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான சங்கங்கள் அத்துடன் காத்திருக்கும். கட்டிப்போட்டுவிடலாம் என்ற யோசனை யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். எப்போதும் கட்டியே வைத்து நடைப்பயிற்சி தராமல் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

கொடிமுல்லை

அனைவருக்கும் நன்றி. சாவிக்கொத்தின் ஓசைக்கு இரு பக்கமும் சரியாகத் திரும்புகிறாள். பதிவைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. கதவு சாத்தியதும் சிறிது நேரம் அதன் அடியில் மூக்கை வைத்து முகர்கிறாள். பிறகு நிலைப்படியைப் பிறாண்டுகிறாள், தரையெல்லாம் எச்சில் வடிகிறது. ஒரு குரைப்பு, நிறுத்தம், காதை உயர்த்திக் கேட்பது, மீண்டும் ஒன்று. நடுவில் ஊளையும் வருகிறது. பால்கனியில் கேட்கும் குரல் இது இல்லவே இல்லை. கிண்ணத்தில் வைத்த சோற்றைத் தொடவில்லை.

கால்நடைத்தோழன்

இது பிரிவுப் பதற்றம் போலவே இருக்கிறது அம்மா. விருப்பமான உணவையும் தொடாமல் விடுவது முக்கியமான அறிகுறி. செருப்பு மாட்டுவது, சாவி எடுப்பது போன்றவற்றைக் கிளம்பாத நேரங்களிலும் செய்து, அவற்றின் பொருளை நீர்க்கச் செய்யுங்கள். பிறகு கதவுக்கு வெளியே சில நொடிகள் மட்டும் நின்று, அவள் கலங்கும் முன்பே திரும்பி வாருங்கள். அவள் தாங்கும் அளவுக்கே நேரத்தைக் கூட்டுங்கள். இந்தப் பயிற்சி நடக்கும் காலத்தில் முழுப் பகலும் தனியே விட்டால் செய்ததெல்லாம் வீணாகிவிடும் என்பதால், வீட்டில் யாரேனும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள், அல்லது இருவரும் விடுப்பை மாற்றி மாற்றி எடுங்கள். இரவுக் குரைப்புக்கு, தெருப்பக்க அறையை விட்டு உள்ளறையில் மின்விசிறி ஓசையோடு படுக்க வைத்துப் பாருங்கள். பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியே தொடங்க முடியாத அளவுக்குப் பதற்றம் இருந்தால் பதற்றம் தணிக்கும் மருந்துகளான ஃப்ளுவாக்ஸெட்டின் அல்லது குளோமிப்ரமின் எழுதித் தருவார். அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை நீங்களாக அளவு கணக்கிட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.