மகாபொல தவணைப் பணமும் 80 சதவீத வரவும்

மண்டூர் மாணவி:
பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசிலுக்கு உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள். ஆனால் கிடைத்த உதவி தொடர வேண்டுமானால் விரிவுரைகளில் 80 சதவீத வரவும் இருக்க வேண்டும். பரீட்சையில் சித்தியடைந்த ஒருவரின் தவணைப் பணத்தை வரவு குறைந்ததற்காக நிறுத்துவது நியாயமில்லை என்பது எனது நிலைப்பாடு.

கல்முனை ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
மகள், இதை நான் ஏற்கவில்லை. 1981இல் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் மகாபொல நிதியம் சட்டபூர்வமாக அமைந்தது, வசதி குறைந்த பிள்ளையும் கவலையின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே. பெறுபேறு ஒன்றையே அளவுகோலாக வைத்தால், பாடசாலையில் தமிழில் படித்துவிட்டு முதலாம் வருடத்தில் ஆங்கில விரிவுரைகளோடு தடுமாறும் பிள்ளைதான் முதலில் உதவியை இழக்கும். பெறுபேறு வினாத்தாளைப் பொறுத்தது; வகுப்புக்கு வருவது மாணவரின் கையில் இருக்கிறது.

அக்கரைப்பற்றுத் தந்தை:
சேர் சொல்வதே சரி. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்தத் தொகை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. பொதுப்பணம் பெறுபவர் வகுப்பில் இருக்க வேண்டாமா?

மண்டூர் மாணவி:
இருக்கத்தான் வேண்டும், ஐயா. ஆனால் வருவது எங்கள் கையில் இருக்கிறது என்று சேர் சொல்வது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரைக்குப் பொருந்தாது. நான் காலையில் மண்டூர்த் துறையில் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கித்தான் பேருந்து பிடிக்கிறேன். மார்கழி மழையில் காற்று எழும்பினால் பாதை ஓடாது. நனைந்த புத்தகப்பையோடு கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வாரம் இரண்டு விரிவுரைகள் வீதம் 15 வாரங்களுக்கு 30 விரிவுரைகள். 80 சதவீதத்துக்கு ஆறைத்தான் தவறவிடலாம். சென்ற மாரியில் எனக்கு ஏழு போயிற்று. அந்தப் பாடத்தில் நான் சித்தியடைந்தேன். தவணைப் பணம் மட்டும் நின்றது.

கல்முனை ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
பாதை ஓடாத நாட்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை, மகள். அது என் தவறு. ஆயினும் விதியை நீக்கச் சொல்லாதீர்கள். நோய்க்கு மருத்துவச் சான்றிதழை ஏற்பதுபோல, வெள்ளத்தால் போக்குவரத்து நின்ற நாட்களுக்குக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கடிதத்தை ஏற்று, அந்நாட்களை மொத்தக் கணக்கிலிருந்தே கழிக்கலாம். உங்கள் 30 அப்போது 23 ஆகும், வரவு முழுமையாகிவிடும்.

மண்டூர் மாணவி:
அப்படியானால் விதி இருக்கட்டும், சேர். ஆனால் கடிதத்தைப் பரிசீலித்து முடிக்கும் வரை தவணையை நிறுத்தக்கூடாது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். வெள்ளம் வடியும் நாட்களில் எங்கள் பிரதேச செயலகத்தில் நிவாரணத்துக்கே வரிசை நிற்கும். என் கடிதம் மேசைக்கு வரும்போது அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும்.