நீச்சல் குளத்துல மெழுகுவத்தி மிதக்க விடுறது எப்படி? செய்து பார்த்தவங்க சொல்லுங்க

காவேரிப்பட்டணம்
பண்ணை வீட்டு நீச்சல் குளம். 30 அடி நீளம், 15 அடி அகலம், ஆழம் நாலரை அடி. ஆவணியில் வரவேற்பு, சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை. தண்ணீர் மேல் மெழுகுவத்தியும் பூவும் மிதக்கணும். எத்தனை வாங்கணும், எதில் ஏமாறுவோம், தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

ஓசூர், மேடை அலங்காரம்
முதல்ல காற்றைப் பாருங்க. ஆடிக்காற்றின் மிச்சம் ஆவணியிலும் நம்ம பக்கம் இருக்கும். சும்மா மிதக்க விட்டால் அரை மணி நேரத்தில் அத்தனையும் ஒரே மூலையில் போய்க் குவியும். குவிஞ்சா அழகு போறது மட்டும் இல்லை. ஒன்றின் சூடு பக்கத்து மெழுகை உருக்கும், விளிம்பு சரியும், நாலைந்து திரி சேர்ந்து ஒரே பெரிய தீயா எரியும். அது குளத்து ஓரத்தில் நடந்தால் டைல்ஸ் கருகும், ஃபைபர் தொட்டின்னா இன்னும் மோசம்.

அதனால கட்டி நிறுத்தணும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுற 16 எம்எம் பைப் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். துளை இல்லாத ப்ளைன் பைப்பா கேளுங்க. 2 மீட்டர் துண்டா வெட்டி, ரெண்டு முனையையும் ஒரு ஜாயின்டரால் சேர்த்தால் ரெண்டடி வளையம் வரும். உள்ளே காற்று அடைபட்டு இருக்கும், கறுப்பு நிறம் ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது. வளையத்துக்குள்ளே 3 அங்குல மெழுகுவத்தி மூன்று, அதுக்கு மேல் வேண்டாம். ஒன்றையொன்று தொட்டாலும் திரிக்குத் திரி 3 அங்குலம் இடைவெளி இருக்கும். 2 அங்குல வத்தி போட்டால் அந்த இடைவெளி கிடைக்காது.

வளையத்தைத் தங்கூசி நரம்பில் (தூண்டிலுக்குப் போடுற நைலான் இழை) கட்டி, நரம்பின் மறுமுனையில் கால் கிலோ கூழாங்கல். இரும்பு நட்டு, போல்ட் கட்டாதீங்க, ஒரு ராத்திரியிலேயே தரையில் துருக்கறை விழலாம். நரம்பு ஆழத்தைவிட ஒரு அடி அதிகம் இருந்தால் போதும். அந்தத் தளர்ச்சியில் வளையம் மெல்ல ஆடும், பார்க்க உயிரோட இருக்கும். ஓரத்திலிருந்து ரெண்டடி தள்ளியே நிற்கிற மாதிரி கல்லை இறக்குங்க.

உங்க குளத்துக்கு 12 வளையம், 36 வத்தி, பைப் 24 மீட்டர். வத்தி 45 வாங்குங்க, நாலஞ்சு சாய்ஞ்சு மிதக்கும். நூறு வாங்கச் சொல்லுவாங்க, வேண்டாம். இருட்டுத் தண்ணீர் இடையில் தெரிஞ்சால்தான் பிம்பம் விழும், ஒவ்வொரு சுடரும் ரெண்டாத் தெரியும்.

தர்மபுரி, மெழுகுவத்தி செய்பவர்
மெழுகு தண்ணீரைவிட லேசுதான், ஆனால் கொஞ்சம்தான் லேசு. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள்ளே, ஒரு பங்குதான் வெளியே. அதனால் மிதக்கும் வத்தியை மேலே அகலமா, கீழே குறுகலா வார்க்கிறோம். எரியும்போது வெளிச்சுவரைத் தண்ணீர் குளிர வைக்கும், நடுவில் மட்டும் உருகிக் கிண்ணம் மாதிரி ஆகும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு சின்ன அலை ஏறினால் போதும். உருகின மெழுகில் தண்ணீர் பட்டுப் படபடன்னு தெறிக்கும், திரி அணையும். நனைஞ்ச திரியை மறுபடி ஏற்றுறது பெரும்பாடு.

3 அங்குல வத்தி காற்றில்லாத இடத்தில் 7, 8 மணி நேரம் எரியும். 2 அங்குலம் 3, 4 மணி நேரம்தான், திறந்தவெளியில் அதுவும் குறையும். மூன்று மணி நேர விருந்துக்கு அதை நம்ப வேண்டாம். அலுமினியக் கிண்ணத்தில் வரும் டீலைட் தொட்டித் தண்ணீருக்குச் சரி. குளத்தில் சிற்றலை ஏறினதும் கிண்ணம் நிறைஞ்சு நேரா அடியில் போய் உட்காரும்.

வாங்கும்போது ஒன்றை வாளித் தண்ணீரில் விட்டு ஒரு மணி நேரம் எரிய விடுங்க. திரி நடுவில் இல்லைன்னா சாய்வு அப்பவே தெரியும். திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்குங்க, நீளமா விட்டால் புகையும். வெயிலில் நிற்கிற காரின் டிக்கியில் பெட்டியை வைக்காதீங்க. மெழுகு இளகி அடிப்பாகம் வளைஞ்சுடும், அதுக்கப்புறம் அது நேரா மிதக்காது.

அரூர்
வாழை மட்டையில் வெச்சு விட்டால் என்ன? ஆற்றில் விளக்கு விடுற மாதிரி. தெர்மாகோல் தட்டும் யோசிக்கிறாங்க.

ஓசூர், மேடை அலங்காரம்
அண்ணே, தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். சூட்டில் சுருங்கும், தீப்பிடிச்சால் உருகிச் சொட்டும், கரும்புகை. வாழை மட்டை நல்லா மிதக்கும், ஆனால் கறை விடும். முந்தின நாளே வெட்டி, பால் வடிய நிறுத்தி வெச்சு, ரெண்டு தடவை கழுவின பிறகுதான் இறக்கணும். எண்ணெய் அகல் அதில் வைக்காதீங்க. ஒன்று கவிழ்ந்தால் எண்ணெய்ப் படலம் குளம் முழுக்கப் பரவும், அதை வலையால் அள்ள முடியாது, ஓரத்து டைல்ஸில் பிசுக்கா ஒட்டும்.

ராயக்கோட்டை, பூ வியாபாரம்
பூவுக்கு ஜெர்பெராவை விட மிதக்கத் தோதானது இல்லை. ஓசூர் பசுமைக்குடில்களில் விளையுது, தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. காம்பை அரை அங்குலம் விட்டு வெட்டினால் முகம் மேலே பார்த்தபடி மிதக்கும். காம்பு நீளமா இருந்தால் சாய்ஞ்சு கவிழும். வளையத்துக்கு வெளியே விடுங்க, சுடருக்குப் பக்கத்தில் வேண்டாம். ரோஜா உதிரி இதழ் ரெண்டு கிலோ போதும். அதை விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் தூவுங்க. குளோரின் தண்ணீரில் சிவப்பு இதழ் ராத்திரிக்குள் வெளுத்து ஓரம் பழுப்பாகும். செண்டுமல்லியை உதிர்த்துப் போடாதீங்க, மஞ்சள் சாயம் விடும். முழுப் பூவா படிக்கட்டிலும் கரையிலும் வைக்கலாம்.

கிருஷ்ணகிரி, குளம் பராமரிப்பு
மோட்டார் பற்றி யாரும் சொல்லலை. வத்தி இறக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பம்பை நிறுத்துங்க. ஓடிக்கொண்டிருந்தால் ஸ்கிம்மர் வாய் (மேலே மிதக்கும் குப்பையை உள்ளே இழுக்கும் சுவர்த் திறப்பு) ஒவ்வொன்றா இழுத்து விழுங்கும். நிறுத்தின பிறகும் காற்று இதழை அதற்குள் தள்ளும், அதனால் வாயில் மெல்லிய நைலான் வலை கட்டி அடையுங்க. ஓவர்ஃப்ளோ குளமா (விளிம்பு வரை நிறைஞ்சு வழியும் வகை) இருந்தால் விளிம்புக் கால்வாய்க்குள் இதழ் போய், வழியும் தண்ணீர் சேரும் சமநிலைத் தொட்டியில் அழுகும். அந்த வகைக் குளத்துக்கு உதிரிப் பூ வேண்டாம்.

அன்றைக்குக் காலையிலேயே தண்ணீரைச் சோதிச்சு முடிச்சுடுங்க, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.6. சாயங்காலம் எதுவும் கலக்காதீங்க. இன்னொன்று, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். மெழுகுவத்திப் பெட்டியைக் குளோரின் டப்பா இருக்கிற அறையில் வைக்கவே கூடாது. குளோரின் தூள் எண்ணெய், மெழுகு, காகிதம் எதோடு சேர்ந்தாலும் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது.

காவேரிப்பட்டணம்
நன்றிங்க. பத்த வைக்கிறது எப்படி? நடுக்குளத்துக்குக் கை எட்டாதே.

தர்மபுரி, மெழுகுவத்தி செய்பவர்
மத்தியானமே ஒவ்வொரு திரியையும் ஒரு நிமிஷம் எரிய விட்டு அணைச்சு வையுங்க, திரியில் மெழுகு ஏறி இருக்கும், சாயங்காலம் சட்டுன்னு பிடிக்கும். கரையிலேயே பத்த வெச்சு, வளையத்தில் இறக்கி, குளம் சுத்தம் செய்யும் கம்பால் மெதுவா தள்ளி, கல்லைக் கடைசியா விடுங்க. காற்று போய்ச் சேரும் பக்கத்து வளையத்தை முதலில். ரெண்டு பேர் இருந்தால் அரை மணி நேரம்.

கிருஷ்ணகிரி, குளம் பராமரிப்பு
சுடர் நல்லாத் தெரியணும்னு குளத்துக்குள் விளக்கை அணைப்பாங்க. அப்போ ஆழம் தெரியாது, தங்கூசி நரம்பும் தெரியாது. படிக்கட்டு விளக்கு எரியட்டும், கரையில் ஒருத்தர் நீண்ட கம்பும் மிதவை வளையமும் வெச்சுக்கிட்டு வேறு வேலை இல்லாமல் நிற்கட்டும். கண்ணாடிக் கிண்ணம், கண்ணாடி டம்ளர் குளத்துப் பக்கமே வரக்கூடாது. உடைஞ்சு உள்ளே விழுந்தால் தண்ணீரில் தெரியாது, குளத்தையே காலி பண்ணணும். 230 வோல்ட் சீரியல் லைட்டைக் கரையில் ஓட விடாதீங்க. பேட்டரி வத்தி வைப்பதா இருந்தால் பட்டன் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதான்னு பாருங்க, குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

முடிஞ்சதும் அன்றிரவே வளையங்களை எடுத்து, பூ முழுவதையும் வலையால் அள்ளிடுங்க. மெழுகுத் துளி தண்ணீரில் விழுந்ததும் உறைஞ்சு மிதக்கும், அதையும் அள்ளலாம். நம்ம போர் தண்ணீரின் உப்புப் படிவு ஓரத்து டைல்ஸில் இருந்தால் அந்தச் சொரசொரப்பில் மெழுகு பிடிச்சுக்கும். ஐஸ் வெச்சு இறுக விட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்க, கத்தி வேண்டாம். மூழ்கின வத்தி இருந்தால் தேடி எடுங்க, அடியில் இருக்கும் திரித் தகடு துருப்பிடிக்கும். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வலையை அவிழ்த்து பம்பைப் போடணும். காலையில் ஸ்கிம்மர் கூடையைக் காலி செய்து, ஃபில்டரை ஒரு தடவை பேக்வாஷ் பண்ணி (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி), குளோரின் பாருங்க. பூ நிறையவே தின்றிருக்கும். அளவு 1 பிபிஎம்முக்கு மேல் ஏறின பிறகு பிள்ளைகளை இறங்க விடுங்க.